திறந்த பட்டறையும் மூடிய பட்டறையும் (கணிமை வரலாறு)

திறந்த பட்டறை, மூடிய பட்டறை என்பன 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் கணினி மையங்களில் வழங்கிய இருவேறு நிரலாக்க ஒழுங்குமுறைகளாகும். மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளுக்கான நிரல்களை யார் எழுத வேண்டும் என்ற கேள்வியே இவற்றை வேறுபடுத்தியது. மூடிய பட்டறை முறையில், கணினி மையத்தைச் சேர்ந்த தொழில்முறை நிரலர்கள் மட்டுமே நிரல் எழுதினர். அறிவியலாளர்களும் பொறியியலாளர்களும் தம் சிக்கல்களை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தனர். திறந்த பட்டறை முறையில், சிக்கலுக்கு உரியவரே தமக்கு வேண்டிய நிரலைத் தாமே எழுதினார்.

இவ்விரு முறைகளுக்கும் இடையிலான விவாதம், உயர்நிலை நிரல்மொழிகள், துணைநிரல் நூலகங்கள், இயக்குதளங்கள், நேரப்பகிர்வு ஆகியவற்றின் தோற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

பெயர்க்காரணம்

இச்சொற்கள் அமெரிக்கத் தொழிற்சங்க வழக்கிலிருந்து பெறப்பட்டவை. சங்க உறுப்பினர்களை மட்டுமே வேலைக்கு அமர்த்தும் தொழிலகம் அங்கு மூடிய பட்டறை என்றும், அவ்வாறு கட்டுப்படுத்தாத தொழிலகம் திறந்த பட்டறை என்றும் அழைக்கப்பட்டது. கணினித் துறையினர் இதே சொற்களைத் தம் சூழலுக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொண்டனர்.

கணினித் துறையில் இச்சொற்கள் இரண்டு பொருள்களில் வழங்கின. முதலாவது நிரலாக்கம் பற்றியது. அதாவது நிரலை யார் எழுதுவது என்பது. இரண்டாவது இயக்கம் பற்றியது; அதாவது இயந்திரத்தின் முன் அமர்ந்து அதை யார் இயக்குவது என்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல. நிரலாக்கத்தில் திறந்த முறையையும் இயக்கத்தில் மூடிய முறையையும் ஒருங்கே பின்பற்றிய மையங்கள் பல இருந்தன.

பின்புலம்

1940களின் இறுதியில் நிரலாக்கம் தனித் தொழிலாக அறியப்படவில்லை. 1946 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் கணினியை, கணிதப் பயிற்சி பெற்ற ஆறு பெண்கள் கம்பி இணைப்புகளையும் நிலைமாற்றிகளையும் அமைத்து இயக்கினர். கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி சினைடர், மார்லின் வெஸ்கோஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்போர் அவர்கள். அவர்களது பங்களிப்பு பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமலே இருந்தது.

1947, 1948 ஆம் ஆண்டுகளில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் எழுதிய அறிக்கைகள், ஒரு சிக்கலைக் கணினிக்கு ஏற்பத் திட்டமிடுவதையும் அதனைக் குறிமுறையாக மாற்றுவதையும் தனித்தனிப் பணிகளாகப் பிரித்துக் காட்டின. திட்டமிடல் கணித அறிவு வேண்டும் பணி என்றும், குறிமுறையாக்கம் பெரும்பாலும் வழமையான எழுத்துவேலை என்றும் கருதப்பட்டது. பின்னர் உருவான மூடிய பட்டறையின் படிநிலை அமைப்புக்கு இக்கருத்து வழிகாட்டியது. எனினும், குறிமுறையாக்கமும் வழுக்களைக் கண்டறிவதும் எதிர்பார்த்ததைவிடக் கடினமானவை என்பது விரைவில் தெரியவந்தது.

கணினிகள் மிகச் சிலவே இருந்ததும் இவ்விவாதத்துக்கு ஒரு காரணமாகும். ஐபிஎம் 701 கணினி மொத்தம் 19 மட்டுமே உருவாக்கப்பட்டது. அதன் மாத வாடகை பத்தாயிரம் டாலருக்கும் அதிகம். எனவே கணினியின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கிடப்பட்டது. பயிற்சியற்ற ஒருவர் இயந்திரத்தின் முன் அமர்ந்து யோசித்துக்கொண்டிருப்பதை மேலாளர்கள் வீண் செலவாகக் கருதினர்.

மூடிய பட்டறை

அமைப்பு

முழு வளர்ச்சி பெற்ற மூடிய பட்டறையில் ஒரு சிக்கல் பல கைகள் மாறிச் சென்றது. அதன் பொதுவான ஒழுங்கு பின்வருமாறு:

1. பொறியியலாளர் தம் சிக்கலைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினி மையத்திடம் தருவார்.
2. பகுப்பாய்வாளர் அதற்கு ஏற்ற எண்முறைத் தீர்வைத் தேர்ந்தெடுப்பார்.
3. நிரலர் அதற்குரிய பாய்வுப்படத்தை வரைவார்.
4. குறிமுறையாளர் அப்படத்தை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தாளில் எழுதுவார்.
5. துளையிடுவோர் அக்கட்டளைகளைத் துளையட்டைகளில் பதிவார்.
6. இயக்குநர் அட்டைக் கட்டைக் கணினியில் ஏற்றி இயக்குவார்.
7. அச்சிடப்பட்ட விடைகள் அதே வழியில் பொறியியலாளருக்குத் திரும்பும்.

நன்மைகள்

மூடிய பட்டறையை ஆதரித்தோர் முன்வைத்த காரணங்கள் வலுவானவை. அக்காலக் கணினிகளின் நினைவகம் சில ஆயிரம் சொற்களுக்கு உட்பட்டது. அதற்குள் ஒரு நிரலை அடக்குவதற்குத் தனித்திறன் வேண்டும். அனுபவமிக்க நிரலர் எழுதிய நிரல் பயிற்சியற்றவருடையதைவிடப் பன்மடங்கு விரைவாக இயங்கியது. எண்முறைக் கணிப்பில் முழுமையாக்கற் பிழைகள் பெருகி, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான விடையைத் தரக்கூடும் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். விமானத்தின் இறக்கையைக் கணக்கிடும் பொறியியலாளருக்கு இவ்வகைப் பிழைகள் பற்றிய அறிவு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மேலும், ஒரே வகைச் சிக்கலுக்குப் பலர் தனித்தனியே நிரல் எழுதும் வீண் உழைப்பையும் மூடிய பட்டறை தவிர்த்தது.

குறைபாடுகள்

ஒரு சிக்கல் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் அதன் பொருள் திரிந்துபோக வாய்ப்பிருந்தது. பொறியியலாளர் தமக்கு வெளிப்படையாகத் தோன்றிய ஒன்றைச் சொல்லாமல் விடுவார். நிரலருக்கு அது தெரிந்திருக்காது. விடை தவறாக வந்தால், பிழை சமன்பாட்டிலா, தீர்வுமுறையிலா, குறிமுறையிலா, துளையிடலிலா என்று கண்டறிவதே தனிப் பணியாயிற்று.

ஆய்வுப் பணிகளில் இக்குறை பெரிதாகத் தெரிந்தது. ஆய்வாளர் முதல் விடையைப் பார்த்த பிறகே அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை அறிகிறார். ஒவ்வொரு கேள்விக்கும் பகுப்பாய்வாளரிடம் தொடங்கி முழுச்சுற்றையும் கடக்க வேண்டுமானால், கேள்விகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும்.

திறந்த பட்டறை

கேம்பிரிட்ஜ் எட்சாக்

திறந்த முறைக்குத் தொடக்ககாலச் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினியாகும். 1949 ஆம் ஆண்டு மே 6 அன்று இது தன் முதல் நிரலை இயக்கியது. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் எனப் பல துறைகளைச் சேர்ந்த ஆய்வாளர்களும் நிரலாக்கம் கற்று இதனைப் பயன்படுத்தினர்.

பயனர் தம் நிரலைத் துளைநாடாவில் பதிந்து, கணினிக்கு அருகில் கட்டப்பட்டிருந்த கொடியில் தொங்கவிடுவார். பகலில் பணியாற்றிய இயக்குநர்கள் அந்நாடாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து இயக்கினர். அலுவல் நேரம் முடிந்தபின், இசைவு பெற்ற பயனர்கள் தாமே கணினியை இயக்கலாம். இது பெரும்பாலும் ஏதேனும் ஒரு வெற்றிடக் குழாய் பழுதாகும்வரை இரவு முழுதும் தொடர்ந்தது.

இம்முறை வெற்றி பெற்றதற்குத் துணைநிரல் நூலகம் முதன்மைக் காரணமாகும். வர்க்கமூலம், முக்கோணவியல் சார்புகள், வகையீட்டுச் சமன்பாடுகள் முதலியவற்றுக்கான ஆயத்த நிரல்கள் துளைநாடாக்களாகச் சேமித்து வைக்கப்பட்டன. 1951 ஆம் ஆண்டளவில் இந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் எட்சாக் நிரலாக்கம் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. மின்னணுக் கணினி நிரலாக்கம் பற்றிய முதல் நூல்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

மயோகுளோபின் என்னும் புரதத்தின் கட்டமைப்பைக் கண்டறிந்து 1962 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் கெண்ட்ரூ, எட்சாக் பயனர்களுள் ஒருவர். அவர் ஜான் பென்னட்டுடன் இணைந்து, எக்சு-கதிர்ப் படங்களைப் பகுப்பாயத் தேவையான ஃபூரியர் கணிப்புகளுக்கு நிரல் எழுதினார்.

ஐபிஎம் 650

திறந்த முறை அமெரிக்காவில் பரவியதில் ஐபிஎம் 650 கணினிக்குப் பெரும் பங்குண்டு. 1953 இல் அறிவிக்கப்பட்டு 1954 இன் இறுதியிலிருந்து வழங்கப்பட்ட இது, ஏறத்தாழ 2000 என்ற எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. காந்த உருளையை நினைவகமாகக் கொண்ட இக்கணினி 701, 704 ஆகியவற்றைவிட மெதுவானது. வாடகையும் அவற்றைவிட மிகக் குறைவு. இயந்திர நேரத்தின் விலை குறைந்ததால், பயிற்சியற்றவர் அதனை வீணாக்குவர் என்ற அச்சமும் குறைந்தது. பல்கலைக்கழகங்களுக்குச் சலுகை விலையில் அளிக்கப்பட்டதால், பல மாணவர்கள் முதன்முதலில் நிரல் எழுதியது இக்கணினியில்தான்.

மொழித் தடையும் அதன் நீக்கமும்

திறந்த பட்டறைக்கு இருந்த மிகப் பெரிய தடை இயந்திர மொழியாகும். ஒரு வாய்பாட்டைக் கணக்கிடுவதற்குக்கூட நினைவக முகவரிகள், பதிவகங்கள், எண்களின் அளவீடு ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். இத்தடையை நீக்க, 1950களில் தானியங்குக் குறிமுறை என்ற பொதுப்பெயரில் பல முயற்சிகள் நடந்தன.

* மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் விர்ல்விண்ட் கணினிக்காக லேனிங், சியர்லர் ஆகிய இருவரும் இயற்கணித வாய்பாடுகளை ஏற்கும் அமைப்பொன்றை உருவாக்கினர். 1954 ஆம் ஆண்டளவில் இது பயன்பாட்டில் இருந்தது.
* மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனி புரூக்கர் 1954 இல் மார்க் 1 ஆட்டோகோட் என்னும் எளிய மொழியை உருவாக்கினார்.
* பெல் ஆய்வுக்கூடத்தில் வோலாண்டிஸ் ஐபிஎம் 650 கணினிக்கென எழுதிய வரிமொழிமாற்றி, பிற 650 மையங்களுக்கும் பரவியது.
* கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் ஆலன் பெர்லிஸ் குழுவினர் ஐபிஎம் 650 கணினிக்கு ஐடி என்னும் தொகுப்பியை அமைத்தனர்.

இவற்றுள் வரிமொழிமாற்றிகள் கற்பதற்கு எளியவை. ஆனால் அவற்றில் இயங்கிய நிரல்கள், கையால் எழுதிய இயந்திர மொழி நிரல்களைவிடப் பல மடங்கு மெதுவாக இருந்தன. விலையுயர்ந்த பெருங்கணினி மையங்கள் இக்காரணத்தைக் காட்டி அவற்றை ஏற்கத் தயங்கின.

ஃபோர்ட்ரான்

ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் இச்சிக்கலைச் செலவுக் கணக்காகவே அணுகினார். ஒரு கணினி மையத்தில் நிரலர்களுக்கு ஆகும் செலவு கணினிக்கு ஆகும் செலவுக்குக் குறையாதது என்றும், கணினி நேரத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்குவரை வழுநீக்கத்திலேயே கழிகிறது என்றும், ஆகவே மொத்தச் செலவில் நான்கில் மூன்று பங்குவரை நிரலாக்கத்துக்கும் வழுநீக்கத்துக்குமே போகிறது என்றும் அவர் வாதிட்டார். இயந்திர நேரமே அரியது என்ற மூடிய பட்டறையின் அடிப்படைக் கருதுகோளை இக்கணக்கு தலைகீழாக்கியது.

1957 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐபிஎம் 704 கணினிக்கான ஃபோர்ட்ரான் தொகுப்பி வெளிவந்தது. கைதேர்ந்த நிரலரின் நிரலோடு ஒப்பிடத்தக்க விரைவுள்ள நிரலைத் தானாக உருவாக்குவதே இதன் சிறப்பு. அவ்வாண்டு பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்வு கூறப்பட்டுள்ளது. ஒரு நாள் வகுப்பில் கலந்துகொண்டு கையேட்டையும் படித்த நிரலர் ஒருவர், நான்கு மணி நேரத்தில் 47 கூற்றுகள் கொண்ட நிரலை எழுதினார். கணினி ஆறு நிமிடங்களில் அதனை ஏறத்தாழ 1000 இயந்திரக் கட்டளைகளாக மாற்றியது. விடை தவறாக வந்தபோது, அவர் பிழையைத் தாம் எழுதிய ஃபோர்ட்ரான் கூற்றிலேயே கண்டு திருத்தினார். கையால் எழுதியிருந்தால் மூன்று நாட்கள் ஆகியிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார்.

பழைய நிரலர் பலர் இதனை ஐயத்துடன் நோக்கினர். இயந்திரம் எழுதும் நிரல் மனிதர் எழுதியதற்கு ஈடாகாது என்பது அவர்களின் கருத்து. சாதாரண மக்களுக்கு எட்டாத மறைபொருளைக் காக்கும் குருமார்களுடன் அக்கால நிரலர்களைப் பேக்கஸ் பின்னாளில் ஒப்பிட்டார். எனினும் 1958 ஏப்ரலில் 26 ஐபிஎம் 704 மையங்களில் நடந்த கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்டவை தம் சிக்கல்களில் பாதிக்கும் மேலானவற்றுக்கு ஃபோர்ட்ரானையே பயன்படுத்தியது தெரியவந்தது.

நிரலாக்கம் திறந்தது, இயக்கம் மூடியது

ஃபோர்ட்ரான் நிரலாக்கத்தைத் திறந்துவிட்ட அதே காலத்தில், கணினி அறையின் கதவு மூடத் தொடங்கியது. 1950களின் நடுப்பகுதிவரை பல மையங்களில் நிரலர் முன்பதிவு செய்த நேரத்தில் தாமே கணினியின் முன் அமர்ந்தார். அட்டைகளை ஏற்றவும் நாடாக்களை மாற்றவும் செலவான நேரம், கணினிகள் விரைவடைய விரைவடையப் பெரும் இழப்பாகத் தோன்றியது.

இதற்குத் தீர்வாக, 1956 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் இணைந்து ஐபிஎம் 704 கணினிக்கு ஒரு கண்காணிப்பு நிரலை உருவாக்கின. இது ஒரு பணி முடிந்ததும் அடுத்த பணியைத் தானே தொடங்கியது. முதல் இயக்குதளங்களுள் ஒன்றாக இது கொள்ளப்படுகிறது. இவ்வாறு தொகுதி முறைச் செயலாக்கம் பரவியது. பயனர் தம் அட்டைக் கட்டை ஒரு சாளரத்தில் கொடுத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சுத்தாளைப் பெற்றுக்கொண்டார். ஒரு காற்புள்ளி தவறினாலும் முழுச் சுற்றையும் மீண்டும் கடக்க வேண்டியிருந்தது.

திறந்த நிரலாக்கத்தால் பெருகிய இரட்டிப்பு உழைப்பைக் குறைக்கப் பயனர்களே முன்வந்தனர். 1955 இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஐபிஎம் 704 பயனர்கள் ஷேர் என்னும் அமைப்பைத் தொடங்கி, தம் மையங்களில் எழுதிய நிரல்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர்.

வணிகத் துறை

வணிகக் கணிமையில் மூடிய முறையே நிலைத்தது. ஊதியப் பட்டியல், காப்பீடு, சரக்கிருப்பு போன்ற பணிகளில் ஒரே நிரல் வாரந்தோறும் இயங்கியது. பலரும் ஒரே கோப்புகளைச் சார்ந்திருந்தனர். ஆய்வாளரின் நிரலில் உள்ள பிழை பெரும்பாலும் அவரையே பாதிக்கும். ஊதிய நிரலில் உள்ள பிழையோ ஆயிரக்கணக்கானோரைப் பாதிக்கும். எனவே கட்டுப்பாடும் தணிக்கையும் இன்றியமையாதவையாயின.

1959 ஆம் ஆண்டு தொடங்கி வடிவமைக்கப்பட்ட கோபால் மொழி, கிரேஸ் ஹாப்பரின் ஃபுளோ-மேட்டிக் மொழியைப் பின்பற்றி ஆங்கிலச் சொற்றொடர்களை ஒத்த கூற்றுகளைக் கொண்டிருந்தது. மேலாளர்களும் நிரலைப் படித்தறிய முடியும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் ஃபோர்ட்ரான் பொறியியலாளர்களை நிரலர்களாக்கியது போல, கோபால் மேலாளர்களை நிரலர்களாக்கவில்லை. தரவுச் செயலாக்கத் துறை என்ற தனிப்பிரிவே நிறுவனங்களில் வலுப்பெற்றது.

நேரப்பகிர்வு

தொகுதி முறையின் காத்திருப்பைப் போக்கப் பிறந்தது நேரப்பகிர்வு. ஒரே கணினி பல பயனர்களுக்கு இடையே விரைந்து மாறி மாறிப் பணியாற்றினால், ஒவ்வொருவருக்கும் கணினி தமக்கே உரியது போலத் தோன்றும் என்பது இதன் அடிப்படை. 1959 ஆம் ஆண்டு சனவரியில் ஜான் மெக்கார்த்தி மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதனை முன்மொழிந்தார். பெர்னாண்டோ கார்பாட்டோ குழுவினர் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் அமைப்பு 1961 நவம்பரில் செய்துகாட்டப்பட்டது.

டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகிய இருவரும் 1964 ஆம் ஆண்டு மே 1 அன்று பேசிக் மொழியையும் நேரப்பகிர்வு அமைப்பையும் இயக்கிவைத்தனர். அறிவியல் மாணவர்கள் மட்டுமன்றி எல்லா மாணவர்களும் நிரல் எழுத வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். நூலகத்தில் அடுக்குகளுக்கே சென்று நூலை எடுக்கும் உரிமை போன்றது கணினியைப் பயன்படுத்தும் உரிமை என்பது கெமனியின் கருத்து. திறந்த பட்டறைக் கொள்கை இங்கு நிரலாக்கம், இயக்கம் ஆகிய இரண்டு பொருளிலும் நிறைவேறியது.

இந்தியாவில்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 இல் ஐபிஎம் 1620 கணினி நிறுவப்பட்டது. அங்கு மாணவர்களுக்கும், பிற நிறுவனங்களிலிருந்து வந்த அறிவியலாளர், பொறியியலாளர்களுக்கும் ஃபோர்ட்ரான் கற்பிக்கப்பட்டது. ஈரோட்டில் பிறந்த வே. இராஜாராமன் இப்பயிற்சியில் முதன்மைப் பங்காற்றினார். கணினி நிரலாக்கம் பற்றி அவர் எழுதிய குறைந்த விலைப் பாடநூல்கள் இந்தியாவெங்கும் பல தலைமுறை மாணவர்களால் பயிலப்பட்டன.

தாக்கம்

திறந்த பட்டறையின் வெற்றி முழுமையானதன்று. மூடிய பட்டறையினர் எழுப்பிய எச்சரிக்கைகள் பல பின்னர் மெய்ப்பட்டன. 1979 இல் விசிகால்க் விரிதாள் வெளிவந்த பிறகு அலுவலர்கள் தம் கணக்குகளைத் தாமே அமைக்கத் தொடங்கினர். சரிபார்க்கப்படாத வாய்பாடுகளால் விளையும் பிழைகள் அதன்பின் நிறுவனங்களுக்குத் தொடர்ந்த சிக்கலாயின. மறுபுறம், ஒரு துறையை நன்கறிந்தவரே அதற்கான நிரலையும் எழுதும்போது புதிய கேள்விகள் பிறக்கின்றன என்பதற்குக் கேம்பிரிட்ஜ் முதல் டார்ட்மத் வரையிலான அனுபவங்கள் சான்றாகின்றன.

சிறுகணினிகளும் தனியாள் கணினிகளும் பரவியபின் இவ்விரு சொற்களும் வழக்கிழந்தன. எனினும் அவற்றைப் பிறப்பித்த கேள்வி மறையவில்லை. நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கும், தம் தேவைக்குத் தாமே நிரல் எழுதிக்கொள்ளும் பிற பிரிவினருக்கும் இடையே நிகழும் விவாதங்களில் 1950களின் வாதங்களே வேறு சொற்களில் எழுகின்றன.

இவற்றையும் பார்க்க

* எட்சாக்
* எனியாக்
* ஃபோர்ட்ரான்
* கோபால்
* பேசிக்
* நேரப்பகிர்வு
* துளையட்டை